ஜரகண்டி மாஸ்டர்

நிற்பது என்ற வேலையையே உலகத்திலிருந்து ஒழிக்கப் பிறந்தவர் ஜரகண்டி மாஸ்டர். டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பார். பாதியைச் சட்டை குடிக்கும்.

திருப்பதியில் நான் காவல் பார்த்த ஃபுட்சால் மைதானத்தில் அவர்தான் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். ஐந்து பேர் ஆடும் சின்னக் கால்பந்து அது. பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு ஆட்களைத் தாண்டத் தெரியாவிட்டால் கதை முடிந்தது. மற்றவர்கள் பிளாஸ்டிக் கூம்புகளை வைத்துப் பழக்குவார்கள். மாஸ்டர் கூம்பைக் கண்டாலே உதைப்பார்.

"கூம்பு காலை நீட்டுமாடா? ஆளு நீட்டுவான்."

அவரே ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தார். கோயில் வரிசை போல வளைந்து வளைந்து மூங்கில் கட்டினார். வளைவுக்கு ஒருவர் நின்று பந்தைப் பிடுங்க வேண்டும். பந்தோடு வருகிறவர் சற்றே நின்றாலும் மாஸ்டர் முதுகில் கைவைத்து, மலைமேல் சாமி முன்னால் நகரச் சொல்லிக் கேட்குமே, அதே குரலில், "ஜரகண்டி, ஜரகண்டி" என்று தள்ளிவிடுவார்.

"சாமியையே நின்னு பாக்க உடமாட்டாங்க. பந்தை இன்னாடா நின்னு பாக்குற? போய்க்கினே இரு."

ஆள் குறைந்த ஒரு நாள் என்னையும் வளைவில் நிறுத்தினார். நாலு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பந்தோடு வந்த ஷைலஜாவிடம், "கொஞ்சம் தள்ளிக்கிறியாம்மா?" என்று கேட்டுவிட்டு நானே தள்ளி நின்றேன்.

"இன்னாண்ணா, நிச்சயதார்த்தத்துல மாப்ள நெளியற மாதிரி நெளியற?" என்றார் மாஸ்டர்.

மைதான முதலாளிக்கு மூங்கில் பிடிக்கவில்லை. "சித்தூர் டீம்கிட்ட தோத்தா நீங்க வேற எடம் பாத்துக்கங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. எங்கள் பிள்ளைகள் பழக்கதோஷத்தில் "ஜரகண்டி" என்று முனகிக்கொண்டே பந்தோடு ஓட, சித்தூர்ப் பிள்ளைகள் மளமளவென்று ஒதுங்கி வழிவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் பிறந்த காலுக்கு அந்தச் சொல் போதும், மூளையைக் கேட்காது. கோல்கீப்பர் பயபக்தியோடு நகர்ந்தான். நடுவரே இரண்டடி ஓரம் போனார். இரண்டு கோல்.

"ஏமண்டி, இது ஆட்டமா, தரிசனமா?" என்று சித்தூர் கோச் குதித்தார். இனி யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் வெளியே என்றார் நடுவர். வாய் மூடியதும் எங்கள் பிள்ளைகளின் காலும் மூடிக்கொண்டது. சித்தூர் இரண்டு கோலையும் திருப்பியது. மாஸ்டர் தன் வாயில் துண்டை அடைத்துக்கொண்டார்.

கடைசி நிமிடம் ஷைலஜாவிடம் பந்து வந்தது. அவள் நின்றுவிட்டாள். மாஸ்டரின் கைகள் தாமாக எழுந்து, முன்னால் இருந்த என் முதுகைத் தள்ளின. நான் போய், ஓரத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி மடியில் விழுந்தேன்.

எழுந்து பார்த்தபோது அவள் மூன்று பேரைத் தாண்டியிருந்தாள். வாய் அசையவில்லை. கால் மட்டும் வளைவு வளைவாகப் போய்க்கொண்டிருந்தது. கோல்.

எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கேட்டைப் பூட்டுவது என் வேலை. மாஸ்டர் மட்டும் மைதானத்து நடுவில், அசையாமல் நின்றிருந்தார். அவர் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

சாவியோடு கிட்டே போனேன். அந்தச் சொல் வாய்வரை வந்தது. சொல்ல மனம் வரவில்லை. நானும் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.