டேங்க்கின் வாயை அடைத்த வீரன்

எங்கள் வீட்டு டாய்லெட்டில் ஃப்ளஷ் டேங்க்கை ஒரு தடவை அழுத்தினால் முழுசாக ஐந்து நிமிடம் ஊளையிடும். கப்பல் ஏதும் கிளம்புகிறதோ என்று பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்திருக்கிறார். அப்பேர்ப்பட்ட டேங்க்கை அடக்கியது யார் தெரியுமா? சாட்சாத் அடியேன்!

ஒரு மாதமாகவே மனைவி நச்சரித்துக்கொண்டிருந்தாள். நான் காதில் வாங்கவில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன், எனக்கு அந்த ஊளை தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீடு மாறுகிறார். அவருடைய இரும்பு பீரோவை மூன்று மாடி ஏற்ற வேண்டும். "அன்னிக்கு எனக்கு ஆபீஸ் இருக்கு" என்று சொல்லித் தப்பித்திருந்தேன். நிஜத்தில், ஜோக்கர் என்று நாங்கள் கூப்பிடும் நண்பன் வீட்டில் சீட்டாட்டம். இந்த மாதிரி ரகசியங்களை டாய்லெட்டில் டேங்க்கை அழுத்திவிட்டுத்தான் போனில் பேசுவேன்.

புதன்கிழமை அவள் சொன்ன தோரணையே வேறு.

"ஏங்க, பிளம்பர் வந்து பார்த்தாரு. தன்னால ஆகாதுன்னுட்டாரு."

"அவராலயே ஆகலையா?"

"ஆகலையாம். உங்களால எங்க ஆகப்போகுது? விடுங்க."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. பீரோ, சீட்டாட்டம், ஜோக்கர் எல்லாம் மறந்து போச்சு.

"யாரைப் பார்த்து என்ன வார்த்தை சொன்னே? எடு ஸ்பேனரை!"

எடுத்தாள். வாஷர் வாங்கச் செருப்பை மாட்டினேன். அதையும் நீட்டினாள். போன வாரமே வாங்கி வைத்துவிட்டாளாம். புருஷன்மேல் எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்!

குழாயை அடைத்தேன். அதாவது, அடைத்ததாக நினைத்தேன். மூஞ்சியில் பீய்ச்சி அடித்தது. துடைத்துக்கொண்டு மறுபடி அடைத்து, மிதவைப் பந்தைக் கழற்றி, தேய்ந்துபோன வாஷரைப் பிடுங்கிப் புதியதை மாட்டினேன். அழுத்தினேன். மூச்! தண்ணீர் பூனை மாதிரி ஏறியது. அக்கம்பக்கத்து ஆட்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்து அழுத்திக் காட்டினேன். "பிளம்பரே கைவிட்ட கேஸுங்க இது!" நெஞ்சு நாலு அங்குலம் விரிந்துவிட்டது.

மறுநாள் காலை, அதே மிதப்பில் போனும் கையுமாக உள்ளே போனேன். வழக்கம்போல அழுத்திவிட்டு, வழக்கம்போல உரக்கப் பேசினேன்.

"ஜோக்கர்! ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு டாண்ணு வந்துடுவேன். ஆபீஸ்னு சொல்லியிருக்கேன், அப்படியே நம்பிட்டா. பீரோவாவது மண்ணாவது! மச்சானே தூக்கட்டும்."

கதவைத் திறந்தேன். எதிரே மனைவி.

"என்ன அருமையா ரிப்பேர் பண்ணியிருக்கீங்க! ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு."

போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"அந்த பிளம்பர்... நெஜமாவே முடியாதுன்னாரா?"

"அவரை நான் எங்க கூப்பிட்டேன்? அண்ணன்கிட்ட சொல்லிடறேன், பீரோவுக்கு ஒரு பக்கம் நீங்க, ஒரு பக்கம் ஜோக்கர். அப்படியே ஸ்பேனரையும் எடுத்துக்கங்க. அவங்க புது வீட்லயும் டேங்க் கத்துதாம்."