ஆரின் டான்சி போடாத கையெழுத்து

ணங்.

முன்கதவில் இருந்த தபால் பொந்தின் பித்தளை மூடி விழும் அந்தச் சத்தம், டெல்மர் உட்ஸுக்குத் தேவாலய மணியைவிடப் புனிதமானது. அது விழுந்த காலைகளில் வெறுங்காலோடு ஓடுவான். மனைவி வெர்னா கூப்பிட்டு அவன் ஓடிவந்ததாக ஓஹாயோ மாநிலத்தில் யாருக்கும் ஞாபகமில்லை.

பேஸ்பால் ஆட்டக்காரர்களின் கையெழுத்துகளைச் சேர்ப்பது அவனுடைய திருத்தொண்டு. புகழ்பெற்றவர்கள் வேண்டாம், அவர்களை எவனும் சேர்ப்பான். அணியில் இருந்ததை அணியே மறந்துவிட்ட ஆட்டக்காரர்கள்தான் வேண்டும். ஒரு கடிதம் எழுதுவான். தன் விலாசத்தைத் தானே எழுதித் தபால்தலை ஒட்டிய பதில் உறை ஒன்றை உள்ளே வைப்பான். அவர்கள் கையெழுத்துப் போட்டு அதே உறையில் திருப்பி அனுப்புவார்கள். கையெழுத்துச் சேர்ப்பவர்கள் கூட்டத்தின் மரியாதை அது. இப்படி வந்து சேர்ந்த நானூற்றுப் பன்னிரண்டு பேர், வீட்டிலேயே வெயில் விழும் ஒரே அறையில், ஆல்பங்களுக்குள் சுகமாகக் குடியிருந்தார்கள்.

வெர்னாவுக்குக் கண் மங்கிக்கொண்டிருந்தது. ஒட்டுப்போர்வை தைக்க அவளுக்கு அந்த வெளிச்சம் வேண்டும்.

"உன் ஆளுங்களுக்கு எதுக்கு வெயில்? ஆடற காலத்துலயே நிழல்ல பெஞ்சுல உட்கார்ந்திருந்தவங்கதானே?"

"நிலவறைல ஈரம், வெர்னா. மை கலைஞ்சிடும்."

"அதான் என்னை அங்க உட்கார வெச்சியா? நான் கலைய மாட்டேன்னா?"

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "ஆரின் டான்சி வந்துட்டா எல்லாம் முழுசாயிடும்னு சொல்றியே. ஈஸ்டருக்குள்ள அவர் படக்கார்டு கையெழுத்தோட வரட்டும், அறை உனக்கு. வராட்டி எனக்கு."

ஆரின் டான்சி 1949இல் ஒரே ஒருமுறை மட்டை பிடித்தவர். மூன்று பந்துகள் வந்தன. மூன்றும் மட்டைக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கிப் போயின; ஆள் அவுட். ரொட்டிப் பொட்டலத்தோடு இலவசமாகக் கொடுக்க, ஒரு கம்பெனி அவருக்கும் படக்கார்டு போட்டிருந்தது; டெல்மரிடம் இருந்தது ஒன்றே ஒன்று. முப்பது மைல் தள்ளி வசித்த அவருக்கு அவன் பதினோரு கடிதம் எழுதியிருந்தான். பதில் இல்லை.

ஈஸ்டருக்கு நான்கு நாள் இருக்கையில் டெல்மர் ஓர் உன்னதமான முடிவுக்கு வந்தான். உறைமேல் இருப்பது எப்படியும் தன் எழுத்து. உள்ளே இருப்பதும் தன் எழுத்தாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? பொக்கிஷம் போலக் காத்த கார்டை எடுத்து, இடக்கையால், அழியாத மையில் 'ஆரின் டான்சி' என்று எழுதினான். டயர் பார்க்க வேண்டும் என்று சொல்லி முப்பது மைல் ஓட்டிப்போய், டான்சியின் ஊர் முத்திரை விழும்படி அங்கேயே தபாலில் போட்டான்.

சனிக்கிழமை காலை மூடி விழுந்தது.

"வெர்னா! வந்துடுச்சு! டான்சி!"

"அப்படியா? சமையலறைக்குக் கொண்டா. அவர்கிட்டயே காட்டு."

மேசையருகே ஒரு கிழவர், செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரத்தின் இரண்டாவது துண்டில் ஈடுபட்டிருந்தார். "ஆரின் டான்சி," என்று கையை நீட்டினார்.

டெல்மர் வெர்னாவைப் பார்த்தான். "எப்படி..."

"ஃபோன் புத்தகத்துல பேர் இருக்கு," என்றாள் வெர்னா. "ஃபோன் பண்றது மரியாதையில்லன்னு சொல்லுவ. எனக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. உன் இடது கட்டைவிரல்ல மூணு நாளா நீல மை. என்னன்னு அவரையே கேட்டுடலாம்னு தோணிச்சு."

டான்சி கார்டை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "இது நான் போட்டதில்ல."

டெல்மர் தரையில் ஒரு பலகையைத் தேர்ந்தெடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிழவரின் முகம் மெல்ல மலர்ந்தது. "என் கையெழுத்தைப் போலியா போட்டிருக்காங்கம்மா! என்னோடதை! பெரிய ஆளுங்களுக்குத்தானே இதெல்லாம் நடக்கும்!"

"போட்ட பெரிய மனுஷன் இங்கதான் நிக்கறார்."

டான்சி எழுந்து டெல்மரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கடிதமெல்லாம் நீங்கதானா? அந்த உறையில இருந்த தபால்தலைய ஆவியில உரிச்சுத்தான் என் தங்கைக்குக் கடிதம் போடறேன். ரொம்ப உபகாரம்."

"ஐயா," என்றான் டெல்மர், ஈனக் குரலில். "ஒரே ஒரு நிஜக் கையெழுத்து..."

"எதுக்கு? என்னோடது கோழி கிளறின மாதிரி இருக்கும். உங்களோடது எவ்வளவு அழகா இருக்கு! இனிமே யார் கேட்டாலும் உங்களுக்கே அனுப்பிடறேன்." கார்டைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துப் பொத்தானும் போட்டார். "இதை என் மச்சானுக்குக் காட்டணும். நான் ஆடினேன்னு சொன்னா முப்பது வருஷமா நம்ப மாட்டேங்கறான்."

வெர்னா மூன்றாவது துண்டை வெட்டி அவர் தட்டில் வைத்தாள். "டெல்மர், பலகாரத்தைத் தின்னுட்டு ஆல்பங்களைத் தூக்கு. திங்கக்கிழமை என் மரச்சட்டம் வருது, போர்வைய மாட்டித் தைக்க."

நானூற்றுப் பன்னிரண்டு பேரும் மறுபடி நிழலுக்கே, நிலவறைக்கு, இறங்கினார்கள். வெர்னா அந்த வெயிலில் ஏழு வருஷம் தைத்தாள். கண் இன்னும் மங்கிய பிறகு, பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, அவளுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது டெல்மர்தான்.