டத்தோவுக்கு ஆகாத தட்டு

என் வீட்டுக்காரர் சோறு வேண்டாம் என்று சொன்ன சாயங்காலம் எனக்கு நெஞ்சு படபடத்துவிட்டது.

அவர் அப்படிச் சொல்லும் ஆளே இல்லை. காய்ச்சலில் படுத்தால்கூட, "கஞ்சிதானே, தொட்டுக்க என்ன?" என்று கேட்பார். அப்படிப்பட்ட மனுஷர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வயிற்றைத் தடவிக்கொண்டு, "எனக்கு வேணாம், நீ சாப்பிடு" என்றால் நான் என்ன நினைப்பது? சர்க்கரையா? பிரஷரா? பெண்டாங்கில் என் சித்தி மகன் இப்படித்தான் பசியில்லை என்றான். மறுநாள் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டார்கள்.

நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம் என்று கிட்டே போனேன். அப்போதுதான் வாசம் வந்தது. இறால். பூண்டும் காய்ந்த மிளகாயும் அரைத்துத் தடவி, எலுமிச்சை பிழிந்து சுட்ட இறால்.

"எங்க சாப்பிட்டீங்க?"

"சாப்பிடலைலா. சும்மா டேஸ்ட் பாத்தேன்."

"யாரு வீட்டுல?"

"பக்கத்துலதான். காஞ்சனா புதுசா ஒரு தட்டு வாங்கியிருக்கா. மேசை மேலயே வச்சு சுடற தட்டு. வயர் லூசா இருக்குன்னா, பாத்துக் குடுத்தேன்."

"வயரைப் பாத்தா வயிறு ரொம்புமா?"

"ஒண்ணே ஒண்ணுதான் தின்னேன்."

வயிற்றைப் பார்த்தேன். ஒன்றே ஒன்று தின்ற வயிறு மாதிரி தெரியவில்லை. ஒரு கிலோ தின்ற வயிறு மாதிரி இருந்தது.

லூனாஸில் எங்கள் தாமான் குடியிருப்பில் வீடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டித்தான் இருக்கும். எங்கள் போர்ச்சுக்கும் காஞ்சனா வீட்டுப் போர்ச்சுக்கும் நடுவில் இடுப்பு உயரச் சுவர்தான். காஞ்சனா கையுறை ஃபேக்டரியில் வேலை செய்கிறாள். அவள் புருஷன் சசிதரன் லாரி ஓட்டுகிறான். வாரத்தில் பாதி நாள் ஜோகூர் பக்கம்; வீட்டில் அவளும் சின்னப் பிள்ளைகளும்தான். அவள் என்னைவிடச் சின்னவள். சிரித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். நான் சிரித்தால் எனக்கே கேட்காது.

எங்கள் பிள்ளைகள் வீட்டில் இல்லை. இரண்டு பேரும் வேலை என்று பினாங்குக்குப் போய்விட்டார்கள். நான், அவர், டத்தோ. மூன்று பேர்தான்.

டத்தோ என்றால் சுல்தான் பட்டம் கொடுத்த பெரிய மனுஷர் யாரோ என்று நினைக்காதீர்கள். அது ஒரு முராய் குருவி. கறுப்புத் தலை, செம்பட்டை வயிறு, நீள வால். போர்ச்சில், அந்த இடுப்பு உயரச் சுவருக்கு நேர் மேலே அதன் கூண்டு தொங்குகிறது. ஜித்ராவில் நடந்த குருவிப் போட்டியில் ஒரு கோப்பை வாங்கி வந்தது. வாங்கின அன்றைக்கே என் வீட்டுக்காரர் அதற்கு டத்தோ பட்டம் கொடுத்துவிட்டார். உமாராணி என்று அழகான பெயர் வைத்திருக்கும் எனக்கு, கல்யாணமான நாளிலிருந்து "இந்தா"தான் பெயர்.

இறால் வாசத்தோடு வந்த அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்கப்புறம் இவர் வேலை விட்டு வந்ததும் குளிப்பார், டத்தோவுக்கு வெட்டுக்கிளி கொடுப்பார், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பார். எப்படித் தாண்டினார் என்றே தெரியாது. வீட்டில் மின்விசிறி சுவிட்சைப் போட எழுந்திருக்க மாட்டார். முட்டி வலியாம்.

வந்து உட்கார்ந்து புகழ்ச்சி வேறு.

"இன்னிக்கு கணவாய். அவளுக்கு அந்த நேக்கு தெரியுது. போர்ச்சுல தட்டைப் பெரிய சூட்டுல வச்சுட்டு உள்ள போயிடுவா. மசாலா கலக்கி எடுத்துட்டு வர்றதுக்குள்ள தட்டு காஞ்சு புகையும். அந்தப் புகைலதான் போடுவா. சொய்ங்! ஒண்ணுகூட ஒட்டாது. நீ ஒரு தடவை பாக்கணுமே."

"நான் எதுக்குப் பாக்கணும்? நமக்கும் ஒண்ணு வாங்குங்க. நான் சுட்டுப் போடறேன்."

அவர் முகம் மாறியது. சொந்த வீட்டில் தட்டு வந்துவிட்டால் சுவர் தாண்ட என்ன காரணம் சொல்வது? அது அவர் கண்ணில் அப்படியே ஓடியது.

"ஐயோ, அது ஆபத்துலா."

"என்ன ஆபத்து?"

"கோட்டிங்! அந்தக் கறுப்பு கோட்டிங் இருக்கே, அது மருந்து. உரிஞ்சு வயித்துக்குள்ள போச்சுன்னா அவ்வளவுதான்."

"அவ வீட்டுல அதுலதானே தின்னீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "அவ கோட்டிங் புதுசு."

"நாம வாங்கறது மட்டும் பழசாவா இருக்கும்?"

போனை எடுத்து எதையோ தேடினார். என் போன் டிங் என்றது. எதிரே உட்கார்ந்துகொண்டே எனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். ஒட்டாத பாத்திரத்தின் ஆபத்து என்று பெரிய சிவப்பு எழுத்து.

"நல்லா பாரு. உன் உடம்புக்குத்தான் சொல்றேன்" என்று எழுந்து போனார். எங்கே? சுவர் பக்கம்.

அவர் ஒரு வீடியோவையும் பாதிக்கு மேல் பார்க்க மாட்டார். நான் அப்படியில்லை. உடம்புக்கு ஆகாதது என்று யார் என்ன சொன்னாலும் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் தூங்குவேன். கேட்டபிறகு தூக்கம் வராது, அது வேறு. உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன்.

முதல் பாதியில் பயமுறுத்தினார்கள். இரண்டாம் பாதியில் ஒரு டாக்டர் வந்து நிதானமாகப் பேசினார். கோட்டிங் துளி வயிற்றுக்குள் போனால் போன மாதிரியே வெளியே வந்துவிடுமாம். இரும்புக் கரண்டி போட்டுச் சுரண்டக்கூடாது, உரிந்தால் மாற்றிவிடணும், மிதமான சூட்டில் சமைத்தால் பயமில்லை. ஆனால் வெறும் தட்டைப் பெரிய சூட்டில் காயவிட்டால் கோட்டிங்கே புகையுமாம். அந்தப் புகை மனுஷருக்கும் நல்லதில்லை. கூண்டுப் பறவைக்கு? வீட்டில் பறவை வைத்திருப்பவர்கள் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்கணும், அதன் நுரையீரல் தாங்காது, சட்டென்று செத்துவிடும் என்றார்.

நான் போனைக் கீழே வைத்தேன். வெறும் தட்டு. பெரிய சூடு. புகை. சுவர். சுவருக்கு மேலே கூண்டு.

அவர் உதட்டில் எண்ணெய் மினுமினுக்கத் திரும்பி வந்தார்.

"என்னங்க, நீங்க சொன்னது சரிதான். கோட்டிங் ரொம்ப ஆபத்து."

"பாத்தியா? நான் சொன்னா நீ எங்க கேக்கற."

"கடைசியில ஒரு டாக்டர் பேசறாரு. அதையும் கொஞ்சம் கேளுங்க."

கேட்டார். பாதியில் வாய் பிளந்தது. முடிவில் போன் என் மடியில் விழுந்தது. மனுஷர் போர்ச்சில் இருந்தார்.

"டத்தோ! டத்தோ, அப்பாவைப் பாரு! மூச்சு விடுப்பா!"

டத்தோ மூச்சு விட்டது. ஒரு விசில்கூட அடித்தது. அவர் கூண்டைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். ஹாலில் மாட்டவில்லை. படுக்கையறையில், நான் படுக்கும் பக்கத்தில், என் தலைக்கு நேர் மேலே மாட்டினார். அதற்கு ஒரு மின்விசிறி. அந்தச் சுவிட்சைப் போட அவர் முட்டி வலிக்கவில்லை.

நான் நினைத்தது இது இல்லை. ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். மறுநாள் சாயங்காலம் அவர் சுவருக்குப் போனபோது நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். உடம்பெல்லாம் காது.

"காஞ்சனா, உன் தட்டு ஆகாதாம்மா. காலி தட்டைப் புகைய விடறியே, அந்தப் புகை குருவிக்கு விஷமாம்."

"அப்ப எனக்கு?"

"நீ பரவாயில்ல."

திரைக்குப் பின்னால் நான் வாயைப் பொத்திக்கொண்டேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் பேசிய பேச்சிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

"என்னண்ணே இது? உங்க குருவிக்காக நான் சுடாம இருக்கணுமா? சனிக்கிழமை ஆனா பிள்ளைங்க சிக்கன் விங்ஸ் கேக்கும். அவங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். இல்ல, நானே சுட்டுத் தரேன்! கோட்டிங் இல்லாத தட்டு வாங்கறேன். எங்க போர்ச்சுலயே சுடுவோம். நீ, பிள்ளைங்க எல்லாரும் வந்துடுங்க. அந்தத் தட்டை மட்டும் உள்ள வச்சுடு, புண்ணியமாப் போகும்."

என் சிரிப்பு நின்றுவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளை இந்தப் பக்கம் அழைத்தாயிற்று. அவர் சுடுவார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பாள். நான் வெங்காயம் உரிப்பேன். அன்றைக்கு எனக்குப் பிரஷர் மாத்திரை பத்தவில்லை.

அடுத்த நாள் குலிமில் பாத்திரக் கடைக்குப் போனோம். கடைக்காரி பிரேமாவதி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கறுப்புக் கோட்டிங். கல் மாதிரி புள்ளி போட்ட கோட்டிங். வெள்ளையாக ஒன்று, எவர்சில்வரில் ஒன்று.

"இது குருவிக்கு ஆகுமா?" என்றார் முதல் தட்டைத் தொட்டு.

"குருவியவா சுடப் போறீங்க அண்ணே?"

"சேச்சே! அது என் பிள்ளை மாதிரி!"

பிரேமாவதி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

புள்ளி போட்டதைத் தூக்கினார். "இது கல்லுதானே?"

"பேருதான் கல்லு அண்ணே. இதுலயும் கோட்டிங்தான். சூட்டைக் கொறச்சு வச்சா ஒண்ணும் ஆகாது."

"வேணாம், வேணாம். எவர்சில்வர்?"

"ஒட்டும். பழகினவங்களுக்குத்தான் சரிப்படும்."

கடைசியில் மூலையில் இருந்து ஒரு இரும்புத் தட்டை இரண்டு கையாலும் இழுத்தாள். வரி வரியாகப் பள்ளம், இரண்டு பக்கமும் காது, கோட்டிங் துளிகூடக் கிடையாது. தூக்கிப் பார்த்தவருக்கு முதுகு ஒருமுறை சொடுக்கியது.

"இதைப் பழக்கணும் அண்ணே. தோசைக்கல்லு மாதிரி. எண்ணெய் தேச்சு, சூடு பண்ணி, ஆற வச்சு, திரும்பத் தேச்சு. பழகிட்டா ஒட்டாது."

"அதெல்லாம் வீட்டுல இவ பாத்துக்குவா."

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு வழி கிடைத்தது.

"நான் எப்படிங்க பாத்துக்க முடியும்?" என்றேன். "இரும்பு ஒரு கைக்குத்தான் பழகும். யாரு சுடறாங்களோ அவங்கதான் பழக்கணும், அவங்கதான் திருப்பணும், அவங்கதான் கழுவணும். கை மாறினா எல்லாம் ஒட்டிக்கும். ஒட்டினா கருகும். கருகினா புகை."

"புகையா?" என்றார்.

"புகைதான்."

அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். அன்றைக்கு நான் சொன்னேன், அன்றிலிருந்து இருக்கிறது. பிரேமாவதி நல்ல பெண். வாயைத் திறக்காமல் தட்டைக் கட்டிக் கொடுத்தாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு சாயங்காலமும் என் வீட்டுக்காரர் இரும்பைப் பழக்கினார். வெட்டின வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி நல்லெண்ணெய் தேய்த்தார். கையைச் சுட்டுக்கொண்டார். மீண்டும் தேய்த்தார். சுவர் தாண்ட நேரமில்லை. காஞ்சனாவின் தட்டு உள்ளே போய்விட்டதால் டத்தோ போர்ச்சுக்குத் திரும்பியது. என் தலைக்கு மேலே காற்று வந்தது. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை காஞ்சனா வந்தாள். சிவப்புச் சட்டை, தலையில் பூ, கையில் மடக்கு நாற்காலி. பிள்ளைகள் கோழி இறக்கைகளோடு பின்னால் வந்தார்கள். சசிதரன் அன்றைக்கும் ஜோகூரில்தான். நான் என் நாற்காலியை எடுத்து, அவளுக்கும் அவருக்கும் நடுவில் போட்டேன்.

போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவருக்கு நிமிர நேரமில்லை. நெற்றி வியர்வை புருவத்தில் நின்று சொட்டியது. துண்டால் துடைத்தார், திருப்பினார், டத்தோ பக்கம் புகை போகாமல் விசிறினார், இருமினார்.

"இந்தா, கொஞ்சம் வந்து திருப்பேன்" என்று கெஞ்சினார்.

"கை மாறக்கூடாதுங்க."

காஞ்சனா என் பக்கம் குனிந்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அக்கா, உங்களுக்குக் கோடி புண்ணியம்."

"எதுக்கு?"

"அண்ணனை எப்படி வராம நிறுத்தறதுன்னு தெரியாம முழிச்சிக்கிட்டு இருந்தேன். பிள்ளைங்களுக்கு வாங்கற இறால்ல பாதி அவருக்கே போயிடும். அதுகூடப் பரவாயில்லக்கா. பேச்சு இருக்கே! டத்தோ இன்னிக்கு இப்படிப் பாடுச்சு, டத்தோ இன்னிக்கு அப்படி வாலை ஆட்டுச்சு. அலாமாக்! ஒரு நாளாவது வேற பேச்சு? என் பேரையே மறந்துட்டு ஒரு தடவை என்னை டத்தோன்னு கூப்பிட்டாரு."

"உன்னைக்கூடவா?"

"ஆமாக்கா."

இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. நான் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். பாவம், நல்ல பெண். சிரிப்பும் அவ்வளவு சத்தம் இல்லை. அந்தச் சிவப்புச் சட்டையை எங்கே வாங்கினாள் என்றுகூடக் கேட்டேன்.

அவர் வாங்கி வந்த இறால் முதலில் வெந்தது. மசாலா தடவாமல் தனியாக ஒன்று வைத்திருந்தார். சிவந்து சுருண்டு, அழகாக இருந்தது. எனக்குப் பிரஷர், காரம் ஆகாது. அதை நினைவில் வைத்துத்தான் வைத்திருக்கிறார். கண் கலங்கிவிட்டது. தட்டை நீட்டினேன்.

அவர் இறாலை எடுத்தார். ஓட்டை உரித்தார். நரம்பை நீக்கினார். பொடிப்பொடியாகப் பிய்த்தார். உள்ளங்கையில் வைத்து, சூடு ஆறும் வரைக்கும் ஊதினார். பிறகு நான் நீட்டின தட்டைத் தாண்டி, கூண்டுக்குக் கையை நீட்டினார்.

"சூடு ஆறிடுச்சு, டத்தோ. மெதுவா சாப்பிடுப்பா."

இருபத்தேழு வருஷத்தில் எனக்காக அவர் ஒரு டம்ளர் தேத்தண்ணியைக்கூட ஊதித் தந்ததில்லை. நீட்டின தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கூண்டையே பார்த்தேன்.

காஞ்சனாவும் பார்த்தாள். கூண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, என் கோட்டிங் தட்டு உள்ள சும்மாதான் கெடக்கு. வேணுமா?"