கப்பல் குளத்தில் ஒரு வாய் தண்ணீர்

மிகுந்த மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நடுக்கடலிலிருந்து வணக்கம். நாங்கள் இருவரும், கப்பல் மிதக்கிற வரைக்கும், சௌக்கியம். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், தங்கள் வீட்டம்மா மாத்திரையை மறக்காமல் கொடுத்து வருகிறார் என்றும் நம்புகிறேன். என் மகளும் தங்கள் மகனும் சேர்ந்து எங்களை இந்த நீண்ட பயணத்துக்கு ஏற்றிவிட்ட பிறகு, கப்பலில் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

முதல் வாரம் முழுக்க அறையைத் தேடுவதிலேயே போனது. எங்கள் தளத்தில் எல்லாக் கதவும் ஒரே மாதிரி. ஒரு நாள் மதியம் சாப்பிட்ட மயக்கத்தில், திறந்திருந்த கதவுக்குள் போய், செருப்பைக் கழற்றி, கட்டிலில் காலை நீட்டிவிட்டேன். குளியலறையிலிருந்து ஒரு பெரியவர் முகமெல்லாம் சோப்பு நுரையோடு வந்து நின்றார். கோபப்படவில்லை. "படுங்க, பரவாயில்ல. நேத்து நானும் வேற ஒருத்தர் ரூம்லதான் தூங்கினேன்" என்றார். அப்புறம் அறை துடைக்கிற அம்மா நடைபாதைத் தரைவிரிப்பைக் காட்டி வழி சொல்லித்தந்தார். அதில் நெய்திருக்கும் மீன்களெல்லாம் கப்பலின் முன்பக்கம் பார்த்தே நீந்துகின்றனவாம். அன்றிலிருந்து மீனைப் பார்த்துக்கொண்டு குனிந்தே நடக்கிறேன். எதிரே வருகிறவர்கள் நான் வணக்கம் வைப்பதாக நினைத்துத் தாங்களும் குனிகிறார்கள்.

குடிநீர் வாரியத்திலேயே தலை நரைத்தவன் நான். இங்கே ஏரி இல்லை, மேல்நிலைத் தொட்டி கண்ணில் படவில்லை, லாரி வரவும் வழியில்லை, ஆனால் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. விசாரித்தால் கடல் தண்ணீரில்தான் உப்பை நீக்கி விடுகிறார்களாம். சரி, குடிக்க அது. மேல்தளத்து நீச்சல் குளத்துக்கு எந்தத் தண்ணீர்? யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. மண்டைக்குள் கேள்வி புகுந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. தங்கள் சம்பந்தியம்மா காலைப் பலகாரம் முடிந்ததும் காகிதப்பூ வகுப்புக்குப் போய்விடுவாள். அவள் போனதும் நான் மேலே ஏறினேன். கப்பல் சாய்கிற பக்கமெல்லாம் குளமும் சாய்கிறது. விளிம்பில் மண்டி போட்டு, ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தேன். உப்பு. கூடவே குளோரின், எங்கள் வாரியத்தைவிடத் தாராளமாக. குளத்துக் காவலர் விசில் ஊதினார். நிமிர்ந்தால், எதிரே இடுப்பளவு தண்ணீரில், தலையில் மஞ்சள் ரப்பர் தொப்பியோடு, தங்கள் சம்பந்தியம்மா.

"இங்க என்ன பண்ற?" என்றேன்.

"நீங்க என்ன பண்றீங்க? குளத்தைக் குடிக்கிறீங்க?"

"காகிதப்பூ என்னாச்சு?"

"அது முதல் நாளே சலிச்சுப் போச்சு."

"மேல ஏறி வா. இந்த வயசுல வழுக்கி விழுந்தா யார் பார்க்கிறது?"

அவள் ஏறவில்லை. "காலம் பூரா ஊருக்குத் தண்ணி விட்டீங்க. எனக்கு இடுப்பளவுக்கு இப்பத்தான் கிடைச்சிருக்கு. அந்தத் துண்டைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா நில்லுங்க."

நின்றேன். நீச்சல் சொல்லித்தரும் பெண் ஜாடை காட்டினாள். இவள் குளத்தோரக் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். செருப்பு நனைந்தாலே பின்வாங்குகிறவள், சம்பந்தி. முதலில் முங்கினாள். நான் மூக்குக்கண்ணாடியும் கைக்கடிகாரமுமாக ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன். அதற்குள் மேலே வந்துவிட்டாள், மல்லாந்து, இரண்டு கையையும் விரித்து, வானத்தைப் பார்த்தபடி. கப்பல் சாய்ந்தது, குளம் சாய்ந்தது, அவளும் கூடவே சாய்ந்தாள், ஒன்றும் ஆகவில்லை. அப்படியொரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை. குழாய்த் தண்ணீரைப் பற்றிக் கப்பல் முழுக்க விசாரித்தவன், இவள் மனசில் என்ன ஓடுகிறது என்று இத்தனை வருஷத்தில் கேட்டதில்லையே என்று பட்டது. கரையேறியதும் கேட்டேவிட்டேன்.

"ஒண்ணும் நினைக்கல. காதுக்குள்ள தண்ணி போயிடுச்சா, நீங்க கத்துறது கேக்கல. ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றாள்.

இப்போது தினமும் காலையில் குளத்தடியில்தான் என் வேலை. ஒரே ஒரு வேண்டுகோள். இந்த விஷயம் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் தெரியவே கூடாது, பயந்துபோய் அடுத்த துறைமுகத்துக்கே வந்து நிற்பார்கள். தங்கள் மனசோடு வைத்துக்கொள்ளவும். பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி, தங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம்.

துண்டும் கையுமாக,
தங்கள் சம்பந்தி

பி.கு.: கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். குளக்கரையில் ஒருத்தர் எடுத்துக்கொடுத்த வீடியோவை மிதந்த அன்றே குடும்பக் குழுவில் போட்டுவிட்டாளாம். நான் குளத்தைக் குடிப்பதில்தான் அது ஆரம்பிக்கிறதாம். முதல் கட்டைவிரலைத் தூக்கியதே தாங்கள்தானாம்.