கொலையாளி வெளியீட்டு விழா

நூல் எழுதியவன் அதற்கு வெளியீட்டு விழா எடுத்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனாலும் பதுளையில் விழா எடுக்காத நூல், பேர் வைக்காத பிள்ளை மாதிரி. இருக்கும், கணக்கில் வராது. விழா என்றால் நயவுரை உண்டு. நூலின் கதையை ஆதியோடந்தமாக மேடையில் சொல்லி, வந்திருக்கும் பெருமக்களை வாசிக்கும் சிரமத்திலிருந்து காப்பாற்றும் பொதுநல ஏற்பாட்டுக்குத்தான் நயவுரை என்று பெயர். கவிஞர்களுக்கு இதனால் நஷ்டமில்லை. மாணிக்கராஜ் எழுதியதோ துப்பறியும் நாவல்.

மாணிக்கராஜ் ஹாலிஎலப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறவர். நாவலின் முதல் வரியிலேயே பெரிய கிளாக்கர் அருளானந்தம், தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் செத்துக் கிடக்கிறார். கொன்றவர் யார் என்பது கடைசி அத்தியாயத்தில் வரும். இடையில் இருப்பதெல்லாம் அந்தப் பெயரை மறைக்க மாணிக்கராஜ் வருடக்கணக்கில் பட்ட பாடு. மனைவி அகஸ்டினாவிடம்கூட அவர் மூச்சு விடவில்லை. அவளும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

விழா மண்டபம் எழுத்தாளர் ஊக்குவிப்புப் பணியகத்தின் வசம் இருந்தது. அங்கே எழுத்தாளர்களை ஊக்குவிக்கும் பொறுப்பு விஜேந்திரன் என்ற உத்தியோகத்தருடையது. அவர் நாவலைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்த்தார்.

"கொலைகாரன் யாருங்க?"

"அது ரகசியங்க சேர். அதுதான் கதையே."

"எங்களுக்குத் தெரியாம மண்டபம் தர ஏலாது. பிரதம அதிதி மனசு நோகக்கூடாது பாருங்க. தோட்டத்துத் துரையா கொன்னது? கம்பனிக்காரங்க கோவிச்சுக்குவாங்க. தொழிலாளியா? சங்கத்துக்காரங்க வாசல்ல வந்து குந்திருவாங்க. பெக்டரிய நடத்துற டீமேக்கரா?"

"டீமேக்கர் கொன்னா என்னாங்க சேர்?"

"என் மச்சான் டீமேக்கர்."

"அப்ப யாருதாங்க கொல்லலாம்?"

விஜேந்திரன் கண்ணை மூடி யோசித்தார். "யாருமே கொல்லாம ஒரு கொலை நடக்க முடியாதா? அதுலதானே எழுத்தாளனோட தெறமையே இருக்கு!"

மாணிக்கராஜ் அசையவில்லை. கடைசியில், கொலையாளி எந்த இனத்தையும் மதத்தையும் கட்சியையும் தொழிற்சங்கத்தையும் சாராதவர் என்று சத்தியக் கடதாசி கொடுப்பதாக முடிவானது.

"மனுசன்தானே?" என்றார் விஜேந்திரன்.

"மனுசன்தாங்க."

"அதையும் போட்டுருங்க. அப்புறம், நயவுரையும் பிரதம அதிதிதான். அவருக்கு முன்கூட்டியே ஒரு பிரதி அனுப்பிருங்க."

அதிதி படித்தால் கொலையாளியை மேடையில் போட்டு உடைப்பார். படிக்க வேண்டாம் என்று அதிதியிடம் சொல்லவும் முடியாது. அதனால் மாணிக்கராஜ் அதிதியின் பிரதியில் மட்டும் கடைசி அத்தியாயத்தைச் சுற்றி ஸ்டேப்ளர் பின் அடித்தார். 'முடிவை விழாவுக்குப் பின் வாசித்து இன்புறவும்' என்று பணிவாக ஒரு துண்டும் ஒட்டினார்.

விழா நாளில் குத்துவிளக்கு ஏற்றினார்கள், மௌன அஞ்சலி செலுத்தினார்கள், பொன்னாடை போர்த்தியவருக்கே திருப்பியும் போர்த்தினார்கள். மாணிக்கராஜின் கண் அதிதியின் மடியில் இருந்த புத்தகத்தைவிட்டு அகலவில்லை. பின்கள் அடித்தது அடித்தபடியே இருந்தன. அப்பாடா என்று மூச்சு விட்டார். அதற்குப் பிறகுதான் அவருக்குள் இருந்த துப்பறிவாளன் விழித்துக்கொண்டான். முதல் பக்கமும் விரியவில்லை. புத்தகத்தில் விரல் பட்ட தடயமே இல்லை.

அதிதி ஒலிவாங்கியைப் பிடித்தார். புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையைப் பார்த்தார். அங்கே இருந்த கதைக் குறிப்பில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

"தோட்டத்து மக்களின் இரத்தத்தை உறிஞ்சிய பெரிய கிளாக்கர் அருளானந்தம்தான் கொலையாளி! இதைத் துணிந்து எழுதிய தம்பியை நான் மனமாரப் பாராட்டுகிறேன்!"

கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. செத்தவன் எப்படியப்பா கொன்றான் என்று ஒருவராவது எழும்பிக் கேட்பார் என மாணிக்கராஜ் சபையைப் பார்த்தார். முன்வரிசையில் அகஸ்டினாவும் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நீயுமா கை தட்டுன?" என்று பஸ்ஸில் கேட்டார்.

"எல்லாரும் தட்டுனாங்க. நல்ல முடிவுதானேங்க?"

அவருக்கு அழுகை வந்தது. அத்தனை பேர் கையில் கொடுத்தும் வெளியே வராத ரகசியம் உலகத்தில் வேறெங்கே இருக்கிறது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

அடுத்த வாரம் பெரகல சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் இராசையா வீடு தேடி வந்தார். கையில் நாவல், ஓரங்களில் தேத்தண்ணிக் கறை. முழுதாகப் படித்திருந்தார்! மாணிக்கராஜ் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை.

"கடைசியில வேற ஆளைப் போட்டிருக்கீங்களே சேர். அச்சுப் பிழைங்களா?"

"இல்லங்க, அதுதான் சரி. அதிதி சொன்னதுதான் பிழை."

இராசையா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவரு அம்புட்டுப் பெரியவங்க முன்னுக்கு மேடையில சொன்னாரு. பேப்பர்லயும் வந்திருச்சு. நீங்க தனியாளா ரூமுக்குள்ள இருந்து எழுதுனீங்க. எது சரின்னு நீங்களே ரோசிச்சுப் பாருங்க."

மாணிக்கராஜ் பணியகத்துக்கு ஓடினார். விஜேந்திரன் பொறுமையாக விளக்கினார்.

"அதிதி பேச்சு அறிக்கையில ஏறியாச்சு. அறிக்கையைத் திருத்த எங்ககிட்ட ஏற்பாடு இல்லைங்க. நாவலைத் திருத்த ஏற்பாடு இருக்கு. திருத்திய பதிப்புன்னு போட்டா நூலகங்களுக்கும் எடுப்போம்."

மாணிக்கராஜ் திருத்தினார். ஆசை யாரை விட்டது? புதிய பதிப்பில் கொல்லப்பட்டவர் அருளானந்தம், கொன்றவரும் அருளானந்தம். ஆனால் அது தற்கொலை அல்ல. இதை எழுதும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. கொழும்பு விமர்சகர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. 'பின்நவீனத்துவம் மலையேறியது' என்று கட்டுரை எழுதினார்கள். வருட முடிவில் சிறந்த நாவல் விருதும் வந்தது. துப்பறியும் நாவல் எழுதுகிற எல்லோரும் இப்போது பிணத்தையே கொலையாளி ஆக்குகிறார்கள், அதுதான் நாகரிகம்.

விருதோடு திரும்பும் வழியில் மாணிக்கராஜ் பெரகலையில் இறங்கினார். இராசையா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, கடையில் யாரும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, கிட்ட வந்து குனிந்தார்.

"சேர், முந்தின பொஸ்தகம்தான் நல்லா இருந்துச்சு. அந்த ஆளுதான் கொன்னான்னு தெரிஞ்சப்ப அப்படியே நெஞ்சு நின்னு போச்சுங்க."

மாணிக்கராஜின் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடம் அவர் காத்திருந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். இராசையாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இராசையா அண்ணே, வாற மாசம் பதுளையில எனக்குப் பாராட்டு விழா வைக்கிறாங்க. அதுல வந்து இதையே சொல்றீங்களா?"

இராசையா கையை மெதுவாக உருவிக்கொண்டார்.

"விழாவுக்கு வாறேங்க சேர். முன்னுக்கே குந்தி நல்லா கை தட்டுறேன்."