பதினைந்து குச்சி ஏரோப்ளேன்

"முப்பத்தெட்டு குச்சின்னு படத்துல போட்டிருக்கான். இங்கன பதினஞ்சுதான் இருக்கு!"

சிவசைலம் மூன்றாவது தடவையாக எண்ணினார். பத்து நீளக் குச்சி, ஐந்து குட்டைக் குச்சி. எத்தனை தடவை எண்ணினாலும் அவ்வளவுதான்.

"கீழ விழுந்திருக்கும், பாருங்க" என்றாள் அவர் மனைவி குழல்வாய்மொழி.

"இருபத்து மூணு குச்சியுமா விழும்?"

சிவசைலம் தென்காசித் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துப் பட்டணத்துக் கம்பெனி ஒன்றுக்கு எழுதியிருந்தார். மரக் குச்சிகளை ஒட்டிச் செய்கிற சின்ன ஏரோப்ளேன். ரப்பரை முறுக்கிவிட்டால் தானே பறக்கும் என்று போட்டிருந்தது. செய்முறைப் படம் தபாலில் முதலில் வந்தது. பெட்டி பின்னால் ரயிலில் வந்து, கார்த்திகை மாத அடைமழையில் பேச்சிமுத்துவின் மாட்டுவண்டியில் வீடு சேர்ந்தது. மேலே ஒட்டியிருந்த விலாசம் கரைந்து நீலச் சேறாக இருந்தது.

குழல்வாய்மொழி பெட்டிக்குள் கையை விட்டாள். சிவப்பு, பச்சை, மஞ்சளில் மெல்லிய தாள்கள் வந்தன. அடியில் ஒரு தகரக் கிண்ணம்.

"இது என்னது?"

சிவசைலம் படத்தைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். "பைலட் உக்காருத எடமா இருக்கும்."

"காலை எங்கன நீட்டுவாராம்?"

அவளுக்குக் கேலி செய்ய உரிமை இருந்தது. அவள் பிறந்த வீட்டுச் சீராக வந்த கடிகாரம் அவர் கைபட்ட பிறகு பத்தேகாலைத் தாண்டியதில்லை. தையல் மிஷின் பின்பக்கமாக மட்டும் தைத்தது. அதனால்தான் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

"மார்கழி ரெண்டாவது ஞாயித்துக்கெழமைக்குள்ள இது பறக்கணும். பறக்கலைன்னா ஒங்க உளி, அரம், ரம்பம் அத்தனையும் சிற்றாத்துக்குள்ள போயிரும். சம்மதமா?"

வீறாப்பில் சம்மதித்துவிட்டார். கச்சேரியில் நாள் முழுவதும் பிறர் சொன்னதை எழுதுகிற மனிதர் அவர். தன் மூளையால் தானாகச் செய்ய அந்த ஆயுதப் பெட்டி ஒன்றுதான் இருந்தது. அது போய்விட்டால் அப்புறம் வெறும் குமாஸ்தாதான்.

கம்பெனிக்கு எழுதிப் பதில் வருவதற்குள் மார்கழியே முடிந்துவிடும். அவர் பிளேடை எடுத்தார். ஒவ்வொரு குச்சியையும் நெடுக இரண்டாகவும் மூன்றாகவும் பிளந்தார். விரலில் ஏழு இடத்தில் வெட்டிக்கொண்டார். முப்பத்தெட்டும் தேறிவிட்டன.

முன்னால் சுழலுகிற விசிறியையும் காணோம். கொல்லையில் நின்ற கல்யாண முருங்கையில் ஒரு துண்டு வெட்டிச் செதுக்கினார். பழைய சைக்கிள் டியூபை நூல் நூலாக அறுத்து ரப்பர் ஆக்கினார். சக்கரமும் இல்லை. கோட்டிலிருந்து இரண்டு பெரிய பித்தான்களைப் பிய்த்தார். மறுநாள் ஊக்குக் குத்திய கோட்டோடு நின்றவரைத் தாசில்தார் மேலும் கீழும் பார்த்தார்.

தாளை மைதாப் பசையால் ஒட்டினார். காலையில் பார்த்தால் கரப்பான்பூச்சிகள் இடது இறக்கையைத் தின்றிருந்தன.

"அதுகளுக்காவது பிரயோசனப்பட்டுச்சே" என்றாள் குழல்வாய்மொழி.

பசையில் மயில்துத்தம் கலந்து மறுபடி ஒட்டினார். பூச்சி வரவில்லை, மழை வந்தது. ஈரம் காயாமல் இறக்கை அப்பளம் போல நமத்துத் தொங்கியது. கரி அடுப்பின் மேல் காட்டினார். இறக்கை காய்ந்தது, வால் கருகியது. கருகியதை வெட்டியெறிந்து, இந்தத் தடவை எதற்கும் தாங்கட்டும் என்று இன்னும் பெரிதாக, இன்னும் தடிமனாக ஒரு வாலை ஒட்டினார்.

கேலி செய்துகொண்டே இருந்தாலும் குழல்வாய்மொழி அவரைக் கவனிக்காமல் இல்லை. கெட்டுப்போன ஒவ்வொரு தடவையும் மனிதர் ஒரு பெருமூச்சு விட்டார். அடுத்த நிமிஷம் பிளேடை எடுத்தார். இத்தனை பொறுமை இவருக்கு எங்கே இருந்தது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

இரண்டாவது ஞாயிறு விடிந்தது. கோயிலின் மொட்டைக் கோபுரத்துக்கு முன்னால் எந்நேரமும் காற்று இருக்கும் என்று அங்கே போனார்கள். அவர் கையில் விமானம், அவள் இடுப்பில் ஆயுதப் பெட்டி.

"அதை எதுக்கு எடுத்துட்டு வாரே?"

"பறக்கலைன்னா அப்படியே ஆத்துக்குப் போயிரலாமுல்லா."

கோயிலுக்கு வந்த கூட்டம் சுற்றி நின்றது. சிவசைலம் ரப்பரை முறுக்கி விட்டார். விமானம் மூக்கை வானத்துக்குத் தூக்கியது, ஒரு கணம் யோசித்தது, வால் கீழாக வந்து உட்கார்ந்தது. இரண்டாம் தடவையும் அதே கதை. யாரோ சிரித்தார்கள்.

சிவசைலம் பெட்டிக்காகக் கையை நீட்டினார். "வா, ஆத்துக்குப் போவோம்."

அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. "நில்லுங்க. இத்தனை பேரு பாத்தா கண்ணு படாதா?" என்று கூட்டத்தில் ஒருத்தியிடம் கோயில் பிரசாதச் சந்தனத்தை வாங்கிக் குழைத்து, விமானத்தின் மூக்கில் கொழுக்கட்டை அளவுக்கு அப்பி, மேலே குங்குமமும் வைத்தாள்.

"ஏட்டி! கனம் கூடிரும்!"

"விடுங்கங்கேன்!"

விட்டார்.

விமானம் மூக்கைத் தூக்கவில்லை. வாலின் கனத்துக்கு மூக்கில் இப்போது ஜோடி கிடைத்துவிட்டது. பூக்கடையைத் தாண்டியது, புளியமரத்தைத் தாண்டியது, மார்கழி வெயிலில் சிவப்பும் பச்சையுமாக மின்னிக்கொண்டு ஒரு வட்டமடித்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. சிவசைலத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கெட்டிக்காரருதான் நீங்க!" என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள் குழல்வாய்மொழி. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆயுதப் பெட்டியை அவர் கையில் கொடுத்தாள்.

விமானம் தெருக்கோடியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த ஒருவர் காலடியில் இறங்கியது. சர்ச் உபதேசியார் அருமைநாயகம். அவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாளைத் தடவினார். பைலட் ஆசனத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

ஓடி வந்த சிவசைலம் மூச்சிரைக்கச் சொன்னார்: "பட்டணத்துக் கம்பெனிச் சரக்கு. படத்தைப் பாத்து நானே செஞ்சது."

"அண்ணாச்சி, இது எங்க கிறிஸ்மஸ் நட்சத்திரத்துக்கு வந்த குச்சியும், மெழுகுவத்திக் கிண்ணமுமுல்லா! பேச்சிமுத்து வண்டியில ரெண்டு பெட்டி வந்திருக்கு" என்றார் அருமைநாயகம். "சர்ச் வாசல்ல நாங்க கட்டித் தொங்கவிட்டிருக்க நட்சத்திரத்துக்கு மட்டும் ரெண்டு சக்கரம் எதுக்குன்னு இப்பதான் வெளங்குது!"