மூன்றடுக்குப் படகில் ஓர் அமைதி ஆய்வு

அமைதியை விரும்பியவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். சிலர் அதற்காகக் காட்டுக்குப் போனார்கள். சிலர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். ஆனால் கையில் கருவி, கக்கத்தில் கோப்பு, பையில் மதியச் சாப்பாடு என்று முறைப்படி அமைதியைத் தேடிக் கிளம்பிய பெருமை ஏரி நலத்துறை ஒன்றுக்கே உரியது.

துறையை இந்த மகத்தான பணியில் இறக்கிவிட்டவர் ஒரு தூண்டில்காரர். அவரைத் தக்கை என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. முப்பது வருஷமாக ஒரு துடுப்புப் படகில் தண்ணீர்மேலேயே மிதந்துகொண்டிருந்ததால் மற்றவர்கள் வைத்தது இது. காலையில் அவர் பிடிக்கும் மீனை அவருடைய மனைவி இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அதில்தான் வீட்டில் உலை கொதித்தது.

அந்த ஏரிக்கு முன்னேற்றம் வந்தது. பதினோரு பெரிய படகுகளாக வந்தது. ஒவ்வொன்றும் மூன்று அடுக்கு. கீழ் அடுக்கில் எஞ்சின், நடு அடுக்கில் நடனம், மேல் அடுக்கில் இயற்கையை ரசிக்கும் பொதுமக்கள். ரசிக்கிறவர்களுக்குச் சலிப்புத் தட்டிவிடக் கூடாதே என்று அங்கே நான்கு ஒலிபெருக்கிகள். படகுகளின் பெயர்கள் மட்டும் காதுக்கு இதமானவை: 'மோனம்', 'சாந்தி', 'பேரமைதி'.

மீன்களுக்குத்தான் முன்னேற்றத்தை வரவேற்கும் பக்குவம் இல்லை. எஞ்சின் அதிர்ந்ததும் ஆழத்துக்குப் போய்விடும். மண்புழுவைக் காட்டினாலும் திரும்பிப் பார்க்காது. தக்கை என்ன செய்தார் என்றால், எந்தப் படகு எப்போது எங்கே போகிறது என்று பஸ் நேரம் மாதிரி மனப்பாடம் செய்தார். ஏழரைக்கு உடைந்த மதகோரம், எட்டே காலுக்குப் பாறை நிழல், ஒன்பதுக்கு விழுந்த மரத்தடி. இப்படி அரைமணி, கால்மணி அமைதியாக இருக்கும் இடங்கள் பதினாறு. நாள் முழுக்க அமைதியாக இருந்தது ஒரே ஒரு இடம், பழைய பம்பு அறைக்குப் பின்னால் இருந்த நாணல் வளைவு. பன்னிரண்டாவது படகுக்கான படகுத்துறையை அங்கேதான் கட்டப்போகிறோம் என்று படகு முதலாளிகள் சங்கம் அறிவித்தது.

தக்கை மனு எழுதினார். அதையாவது விட்டுவைக்கச் சொன்னார்.

எட்டே மாதத்தில் பதில் வந்துவிட்டது. நாணல் வளைவில் அமைதி நிலவுவது ஆய்வில் நிரூபணமானால் படகுத்துறை கிடையாது; நிரூபணமாகாவிட்டால் உண்டு. ஒப்பீட்டுக்காக, மனுதாரர் தமக்குத் தெரிந்த அமைதியான இடங்கள் அனைத்தையும் ஆய்வுக் குழுவுக்குக் காட்ட வேண்டும்.

"பதினேழையும் காட்டப்போறீங்களா?" என்றாள் மனைவி. "கட்டின பொண்டாட்டி, எனக்கே நாலுதான் சொல்லியிருக்கீங்க."

"அதிகாரி கேக்கறாரு. காட்டலைன்னா இல்லைன்னு எழுதிடுவாரு."

மனைவியின் தம்பி தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினான். 'பேரமைதி' படகில் டிக்கெட் கிழிப்பவன் அவன். "தைரியமா காட்டுங்க மாமா. நான் இதுல எந்தப் பக்கமும் இல்ல. டிக்கெட்டைக்கூட நடுவுலதான் கிழிப்பேன்."

"நீ வாயைச் சோத்துக்கு மட்டும் திற," என்றாள் அக்கா.

ஆய்வு நாள் வந்தது. ஏரி நலத்துறைக்கு ஏரியில் போகப் படகு இல்லை. இந்தக் குறையைக் கேள்விப்பட்ட சங்கம், பெரிய மனசு பண்ணி, 'பேரமைதி'யை இலவசமாகக் கொடுத்தது. கரையில் அதைப் பார்த்த தக்கை ஆய்வு அதிகாரியிடம் ஓடினார்.

"ஐயா, என் படகுல போயிடலாமே. துடுப்புதான். சத்தமே வராது."

ஆய்வு அதிகாரி அவரைப் பரிவோடு பார்த்தார். "உங்க படகுல போனா அது உங்க தரப்பு ஆயிடும். ஆய்வுன்னா ஒருதலைப்பட்சமா இருக்கக் கூடாது."

"அப்ப இது அவங்க தரப்பு இல்லீங்களா?"

"இது இலவசம். இலவசத்துக்கு ஏதுங்க தரப்பு?"

தக்கை இந்த நடுநிலைமைக்கு ஒரு கும்பிடு போட்டார். ஏறிக்கொண்டார். சத்தம் அளக்கும் கருவியை வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. படகில் வெயில் படாத இடம் எஞ்சின் அறை வாசல். அங்கே ஒரு கம்பியில் கருவியைக் கட்டினார்கள். பக்கத்தில் எழுத்தர் அம்மாள் பதிவேட்டோடு உட்கார்ந்தார்.

முதல் இடம், உடைந்த மதகோரம். கருவி எண்பத்தெட்டு டெசிபல் காட்டியது.

"இதையா அமைதியான இடங்கறீங்க?" என்று அதிகாரி கத்தினார். கத்தினால்தான் கேட்கும்.

"எஞ்சினை அணைச்சா அமைதிங்க," என்று தக்கையும் கத்தினார்.

"என்ன?"

"எஞ்சினை அணைச்சா!"

"காதுல விழல. பாருங்க, நீங்க பேசறதே காதுல விழாத அளவுக்கு இங்க சத்தம். எழுதிக்கோங்கம்மா."

இரண்டாவது இடம், எண்பத்தெட்டு. மூன்றாவது இடமும் அதே. ஆறாவது இடத்துக்குப் போகும்போதே எழுத்தர் அம்மாள் எண்ணை எழுதி வைத்துவிட்டார். கருவி அவர் கையெழுத்தை மீறவில்லை. ஒவ்வொரு இடத்திலும் படகோட்டி தன் கைப்பேசியில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டார்.

"எதுக்குங்க அது?" என்று கேட்டார் தக்கை.

"சும்மா. ஞாபகத்துக்கு."

தக்கைக்கு அந்தப் புள்ளிகள் பிடிக்கவில்லை. ஆனால் நாணல் வளைவு காப்பாற்றும் என்று நம்பினார். மற்றதெல்லாம் போனாலும் அது போதும்.

பகல் ஒன்றரைக்கு 'பேரமைதி' நாணலை மிதித்துக்கொண்டு உள்ளே நுழைந்தது. எண்பத்தெட்டு. எழுத்தர் அம்மாள் ஏற்கெனவே எழுதியிருந்தார். அப்போதுதான் டீசல் குழாயில் அடைப்பு. எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது.

முதலில் யாருக்கும் என்ன நடந்தது என்று விளங்கவில்லை. படகின் அடியில் தண்ணீர் தட்டும் சத்தம் கேட்டது. நாணல் ஒன்றோடொன்று உரசியது. பத்தடி தள்ளி ஒரு மீன் துள்ளி விழுந்தது. வட்டம் விரிந்து விரிந்து படகைத் தொட்டது. எழுத்தர் அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த வட்டத்தையே பார்த்தார். தக்கை மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கருவியைப் பார்த்தார். இருபத்தொன்பது.

"இருபத்தொன்பதுங்க ஐயா," என்றார் எழுத்தர் அம்மாள், மெதுவாக. மெதுவாகப் பேசியும் எல்லோருக்கும் கேட்டது.

அதிகாரியின் முகம் சுருங்கியது. கருவியை விரலால் தட்டினார். குலுக்கினார். "எழுதாதீங்க. கருவி செத்துப்போச்சு."

"சாகலீங்க ஐயா," என்றார் தக்கை. "எஞ்சின்தான் நின்னிருக்கு."

"எஞ்சினுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்? அது சங்கத்தோடது, இது சர்க்காரோடது."

"சத்தம் நின்னதாலதான் எண் எறங்கிடுச்சு."

"காலையிலேர்ந்து பதினாறு இடத்துல ஒரே எண்ணைச் சொன்ன கருவி இது. இவ்வளவு உறுதியா இருந்தது திடீர்னு மாத்திப் பேசுதுன்னா பழுதுன்னுதான் அர்த்தம். எனக்கு இருபது வருஷ அனுபவம்."

படகோட்டி குழாயை ஊதி அடைப்பை எடுத்தார். எஞ்சின் உறுமியது. கருவி எண்பத்தெட்டுக்கு ஏறியது.

"பாத்தீங்களா, பொழைச்சுக்கிச்சு," என்று அதிகாரி கத்தினார். படகோட்டியின் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

மூன்று வாரம் கழித்துத் தக்கையை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். கிளம்பும்போது மனைவியின் தம்பி ஒரு அச்சடித்த தாளை நீட்டினான். 'தூண்டில்காரர் காட்டிய பதினேழு அமைதி இடங்கள். மூன்று மணி நேரப் பயணம். நடனம் இலவசம்.'

"மாமா, உங்க பேருக்கே தனி மவுசு. பதினோரு படகும் இதே ரூட்டுதான் ஓட்டுது," என்றான்.

அலுவலகத்தில் அதிகாரி அறிக்கையைத் தாமே படித்துக் காட்டினார். ஏரியில் எந்த இடத்திலும் அமைதி இல்லை. இல்லாத ஒன்றைப் படகுகள் கெடுத்திருக்க முடியாது. ஆகவே படகுத்துறைக்குத் தடை இல்லை.

"அது மட்டும் இல்ல," என்று பக்கத்தைப் புரட்டினார். "சத்தத்துக்கு யார் காரணம்னும் கண்டுபிடிச்சிருக்கோம்."

தக்கை நிமிர்ந்தார். "படகுதானுங்களே?"

"படகு ஆய்வு வாகனம். ஆய்வுக்குப் போற வாகனத்தை ஆய்வு பண்ற வழக்கம் இல்ல. படகோட்டி வாகனத்தோட சேர்த்தி. நானும் இந்த அம்மாவும் பணியில இருந்தோம். பணியில இருக்கறவங்க கணக்குல வர மாட்டாங்க. மிச்சம் யாரு? பதினேழு இடத்துலயும் சத்தம் இருந்தது. பதினேழு இடத்துலயும் நீங்க இருந்தீங்க."

எழுத்தர் அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏரியோட அமைதியை உத்தேசிச்சு உங்க துடுப்புப் படகுக்கு அனுமதியை ரத்து பண்ணியிருக்கு. இங்க ஒரு கையெழுத்து."

தக்கை போட்டார். வேறென்ன செய்வார், பேனாவை அவர்கள் ஏற்கெனவே கையில் கொடுத்திருந்தார்கள்.

இப்போது ஏரியில் பன்னிரண்டு படகுகள். துறையின் ஆண்டறிக்கையில் 'ஏரி குறித்த மனுக்கள்: இல்லை' என்று இருக்கிறது. அமைதியான இடம் தேடுகிறவர்கள் டிக்கெட் வாங்கி ஏமாற வேண்டாம். காலை ஆறு மணிக்குத் தக்கையின் வீட்டுக்குப் போனால் போதும். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. அடுப்பு மூட்டும் சத்தம்கூடக் கிடையாது. ஏரி நலத்துறை தேடிப்போன பதினேழு இடங்களில் கிடைக்காதது அங்கே கிடைக்கும். பதினெட்டாவது இடம் அது. அந்த ஒன்றைத் துறை தன் கையாலேயே உண்டாக்கியது.